காளான் இரவு விளக்கு: பிள்ளையின் அறையில் போடலாமா?

உவர்மலை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில் ஒரு நடைபாதைக் கடையில் காளான் வடிவ இரவு விளக்கு ஒன்று வாங்கினேன். சின்னப் பூச்சட்டி, அதில் மூன்று காளான். இருட்டினால் தானே எரியும், நிறம் மாறி மாறி வரும். நாலு வயது மகளுக்கு இப்போது அது இல்லாமல் நித்திரை வராது. பிளக்கில் தட்டையான இரண்டு கால். எங்கள் வீட்டில் 13 ஆம்பியர் சதுரப் பொயின்ட் என்பதால் கடைக்காரரே ஒரு அடாப்டரும் சேர்த்துத் தந்தார்.

இப்போது ஒரு காளானின் தண்டு ஆடுகிறது. மகள் அதைத் திருகித் திருகி விளையாடுகிறாள். "எல்இடி தானே அண்ணி, மூன்று வோல்ட்டில் எரிகிற சாமான், தொட்டால் ஒன்றும் ஆகாது" என்கிறார் கொழுந்தன். எனக்கு மனம் கேட்கவில்லை. அறை நிலம் சீமெந்து, மாரி மழைக்கு வியர்த்துக் கிடக்கும். போடலாமா, வீசிவிடவா?

சாலிடர் தம்பி:

அக்கா, முதலில் பொயின்ட் சுவிட்சை ஓஃப் பண்ணிக் கழற்றி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழற்றும்போது பிளக்கின் கால்களில் விரல் படக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

இதே காளான் என் மேசையிலும் ஒன்று கிடக்கிறது. பூச்சட்டியின் அடியில் திருகாணி கிடையாது, பிளாஸ்டிக் கொக்கி மட்டும். நகத்தால் நெம்பினாலே திறந்துவிட்டது. உள்ளே பெருவிரல் நகம் அளவில் ஒரு பலகை. அதில் இருப்பவை: மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கப்பாசிட்டர் ஒன்று, செங்கல் நிறம், 224ஜே 400வி என்று எழுதியது; கரண்டை ஒரு திசைக்கு மட்டும் விடுகிற டயோட் நாலு, சின்ன மின்பகுப்புக் கப்பாசிட்டர் ஒன்று, இருட்டைப் பார்க்கிற எல்டிஆர், அது சொல்லும்படி சுவிட்ச் வேலை செய்கிற தைரிஸ்டர் ஒன்று, பிறகு எல்இடிகள். அவ்வளவுதான். மெயின் லைனைப் பிரித்து வைக்கிற டிரான்ஸ்போமர் இல்லை, ஃபியூஸ் இல்லை. பலகையில் ஆர்1 என்று அச்சடித்து இரண்டு துளையும் போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த இடம் காலி. வடிவமைத்தவருக்கு அங்கே என்ன வரவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. செய்தவர் வைக்கவில்லை.

224 என்றால் 0.22 மைக்ரோஃபாரட். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸில் அதன் தடை கிட்டத்தட்ட 14,500 ஓம். அதனால் சுமார் 16 மில்லி ஆம்பியர் மட்டும் ஓடும், எல்இடிக்கு அது காணும். மின்தடை வைத்து வோல்ட்டைக் குறைத்தால் சூடாகும், கப்பாசிட்டர் சூடாகாது, விலையும் குறைவு. முறையாகச் செய்தால் இதில் பிழை இல்லை. கூரையில் மாட்டுகிற மலிவு எல்இடி பல்புகள் பலவற்றிலும் இதே சுற்றுத்தான்.

இனி கொழுந்தனின் மூன்று வோல்ட். எல்இடியின் இரண்டு காலுக்கும் இடையில் மூன்று வோல்ட் என்பது சரி. ஆனால் அந்தக் காலுக்கும் நிலத்துக்கும் இடையில்? டிரான்ஸ்போமர் இல்லாததால் அந்தப் பலகை முழுவதுமே மெயின் லைனோடு நேரடியாகத் தொடுத்தபடி இருக்கிறது. காளான் தண்டு உடைந்து உள்ளே இருக்கும் கம்பி வெளியே வந்தால், பிள்ளை தொடுவது மூன்று வோல்ட்டை அல்ல, 230ஐ.

பிளக்கின் காலைத் தொடாதீர்கள் என்றதற்குக் காரணம் அந்த வெற்று ஆர்1. அங்கே ஒரு மெகா ஓம் மின்தடை இருந்திருந்தால், கழற்றி ஒரு நொடிக்குள் கப்பாசிட்டரில் தேங்கியிருப்பது வடிந்துவிடும். அது இல்லாததால் மின் அலை உச்சத்தில் நிற்கிற கணத்தில் கழற்றினால் 325 வோல்ட் வரை அப்படியே நிற்கும். உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை, ஆனால் சுள்ளென்று அடிக்கும். பிள்ளை பயந்து பின்னால் விழுந்து தலையில் அடிபட்டால் அதுவே காணும்.

மட்கோ மச்சான்:

அரை வாட் விளக்குக்கு இவ்வளவு பயமா? மாதம் முழுவதும் இரவு பகலாக எரிந்தாலும் அரை அலகு கூட வராது. ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சுவாமி அறையில் எங்கள் அம்மா இப்படி ஒரு தாமரை விளக்கை வருடக்கணக்காக எரிக்கிறா. எல்லா வீட்டிலும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே, ஏதும் நடந்தால் அது விழும்.

பாலையூற்று வயர்மன்:

தம்பி மட்கோ, சுவாமி அறைத் தாமரையை யாரும் திருகி விளையாடுவதில்லை. அது ஒரு பக்கம். ட்ரிப் சுவிட்ச் கதையைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லோரும் அதை நம்பித்தான் துணிகிறார்கள்.

வீட்டில் பூட்டியிருப்பது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். லைவ் கம்பியில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வருகிறதா என்று அது பார்க்கும். வித்தியாசம் 30 வந்தால் கட்டாயம் விழ வேண்டும். 15 வரை விழக் கூடாது. இடைப்பட்டதில் விழுந்தாலும் விழும், விழாமலும் விடும், எதுவும் விதிப்படி பிழையில்லை.

சாலிடர் தம்பி சொன்ன கப்பாசிட்டர் எவ்வளவு விடும்? 16. சரியாக அந்த இடைவெளிக்குள். கப்பாசிட்டர் லைவ் பக்கம் இருக்கும்படி பிளக் செருகப்பட்டிருந்தால், வெறுங்காலோடு ஈர நிலத்தில் நிற்கிற பிள்ளை கம்பியைத் தொடும்போது 16 மில்லி ஆம்பியர் வரை உடம்பினூடு போகலாம், ட்ரிப் சுவிட்ச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிய ஆட்களுக்கே 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவிலேயே அப்படி ஆகும்.

இது நல்ல பக்கம். தட்டைக் கால் பிளக்கை எந்தப் பக்கமும் திருப்பிச் செருகலாம். திருப்பிச் செருகினால் கப்பாசிட்டர் நியூட்ரல் பக்கம் போய்விடும். லைவ் நேரே டயோட் வழியாக எல்இடிக்கு வரும். அப்போது 16 என்ற வரம்பும் இல்லை. இன்னொன்று, டயோட் ஒரு திசைக்கு மட்டும் விடுவதால் அதன் வழியாக வருவது அரை அலை. பழைய ஏசி வகை ட்ரிப் சுவிட்ச் முழு அலைக்குத்தான் உத்தரவாதம் தரும். அரை அலைக்கும் விழ வேண்டும் என்றால் ஏ வகை வேண்டும். சுவிட்சின் முகத்தில் பெட்டிக்குள் ஒரு அலை மட்டும் வரைந்திருந்தால் ஏசி வகை. அதன் கீழே அரை அலை மேடுகளும் இருந்தால் ஏ வகை. எங்கள் பக்கத்து வீடுகளில் நான் கண்டது பெரும்பாலும் முதல் வகைதான். டெஸ்ட் பொத்தானை யாரும் அமத்திப் பார்ப்பதுமில்லை.

மட்கோ மச்சான்:

சரி ஐயா, அரை அலை விஷயம் எனக்குப் புதுசு. எங்கள் போர்டைப் பார்த்தேன், ஒரு அலை மட்டும்தான். ஆனாலும் ஊரில் யாரும் இதனால் செத்ததாகக் கேள்விப்படவில்லை.

பாலையூற்று வயர்மன்:

தண்டு உடையாத வரை ஒன்றும் நடக்காது. அந்த அக்காவின் வீட்டில் தண்டு ஆடுகிறது.

கிண்ணியா கடைக்காரன்:

நானும் இப்படிச் சாமான் விற்கிறவன்தான். கோபிக்க வேண்டாம், கடைக்காரர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து பெட்டியாக வருகிறது. பெட்டியில் கம்பெனிப் பெயரே இருக்காது. 220 வோல்ட் என்று மட்டும் அடித்திருக்கும். உள்ளே ஆர்1 இருக்கிறதா என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது? வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று, நிறம் மாறுமா என்று. திறக்காமல் பார்க்கக்கூடிய அடையாளம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த முறை அதைப் பார்த்தே எடுக்கிறேன்.

சாலிடர் தம்பி:

நல்ல கேள்வி நானா. கடையிலேயே பார்க்கலாம்.

காந்தம் கொண்டுபோங்கள். பிளக் காலில் ஒட்டினால் அது பித்தளை இல்லை, நிக்கல் பூசிய இரும்பு. சில மலிவு விளக்குகளில் கால் முழுத் துண்டுகூட இல்லை, தகட்டை மடித்துச் செய்தது. இரும்புக் கால் தொடுப்பில் தடை கூடும், சூடேறும், எங்கள் ஊரில் துருவும் பிடிக்கும்.

அடுத்தது அடிமட்டம். 13 ஆம்பியர் பிளக்குக்கான பிஎஸ் 1363 தரத்தில் லைவ், நியூட்ரல் கால்களிலிருந்து பிளக்கின் விளிம்பு குறைந்தது 9.5 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். கழற்றும்போது விரல் வழுகிக் காலில் படக் கூடாது என்பதற்காக. அந்தக் கால்களின் அடிப்பாதி கறுப்பு உறை போட்டதாகவும் இருக்க வேண்டும். உறை இல்லாத சதுரக் கால் என்றால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை, வையுங்கள் கீழே. எர்த் கால் பிளாஸ்டிக்காக இருந்தால் அதை மட்டும் வைத்துப் பிழை சொல்லாதீர்கள். இரட்டைக் காப்பு உள்ள சாமான்களில் அது ஏற்ற விஷயம்தான், பொயின்ட்டின் கதவைத் திறப்பது மட்டுமே அதன் வேலை.

பிறகு எல்டிஆர் துளை. இருட்டைப் பார்க்கிற அந்தச் சின்ன வட்டம் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மூடி உள்ளே இருக்கிறதா, அல்லது துளைக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா? என் காளானில் அது வெளியே எட்டிப் பார்க்கிறது. அதன் முகத்தில் மெல்லிய பூச்சு, அதற்குப் பின்னால் இரண்டு கம்பி, அந்தக் கம்பியும் மெயின் லைன்தான். ஈரத் துணியால் துடைக்கிற இடம் அது.

கடைசியாகக் கையால் அமத்திப் பாருங்கள். இரண்டு பாதியும் பிரிந்து கோடு தெரிந்தால் அது வெறும் கொக்கிதான். பொயின்ட்டில் செருகுகிற இரவு விளக்குகளுக்கென்றே ஐஇசி 60598-2-12 என்று தனித் தரம் இருக்கிறது. பெட்டியில் அந்த இலக்கத்தையோ, இரட்டைக் காப்பைக் காட்டுகிற இரட்டைச் சதுரக் குறியையோ அச்சடிப்பது சுலபம். அதனால் நான் குறியைவிடக் காந்தத்தை நம்புவேன்.

நிலாவெளி விடுதி:

எங்கள் ஊரில் துருப் பிடிக்கும் என்றது முழு உண்மை. விடுதி நடைபாதையில் கடற்கரைப் பக்கம் சிப்பி வடிவ இரவு விளக்குகள் போட்டிருந்தோம். ஒரு மாரி தாங்கவில்லை. உப்புக்காற்று உள்ளே போய்ப் பலகையில் பச்சை பூத்துவிட்டது. ஒன்றைத் திறந்து பார்த்தால் இரண்டு செப்புக் கோடுகளுக்கு நடுவில் கறுப்பாக எரிந்த தடம். எறும்பும் உள்ளே குடியிருந்தது.

இன்னொன்றில் மின்பகுப்புக் கப்பாசிட்டர் வெடித்து மூடி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஏன் வெடித்தது என்று இங்கே யாராவது சொன்னால் நல்லது.

சாலிடர் தம்பி:

அண்ணை, வரிசையில் ஒரு எல்இடி அறுந்திருக்கும். கப்பாசிட்டர் வழியாக வருகிற கரண்ட் எங்காவது போயாக வேண்டும். எல்இடி வழி அடைபட்டால் மின்பகுப்புக் கப்பாசிட்டரில் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். அது 16 அல்லது 25 வோல்ட்டுக்குச் செய்தது. 325 வரை ஏறப் பார்க்கும்போது உள்ளே கொதித்து மூடியைத் தள்ளும். குறுக்கே, குறித்த வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத சீனர் டயோட் ஒன்று போட்டிருந்தால் அது பாரத்தை ஏற்றுக்கொள்ளும். அதையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

அந்த 224ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். மெயின் லைனுக்குக் குறுக்கே நிற்கிற கப்பாசிட்டர் எக்ஸ்2 வகையாக இருக்க வேண்டும். பெட்டி வடிவம், மேலே எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று எழுதியிருக்கும். உள்ளே பொத்தல் விழுந்தாலும் அந்த இடம் தானே எரிந்து ஆறிவிடும், உறையும் தீப்பிடிக்காத பொருள். அதனால் அது பழுதானால் விளக்கு மெல்ல மங்கும், அவ்வளவுதான். 400வி என்று மட்டும் எழுதியது 400 வோல்ட் டிசி. மின்னல் காலத்தில் லைனில் வருகிற திடீர் ஏற்றத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. அது ஷோட் ஆனால் அடுத்து எரிய வேண்டியது ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாத பலகையில் அடுத்து எரிவது பலகை.

பாலையூற்று வயர்மன்:

ஃபியூஸ் என்றதும் பிளக் பக்கம் வருகிறேன். 13 ஆம்பியர் சதுரக் கால்தான் நாட்டின் தரம் என்று அறிவித்த பிறகும் எங்கள் வீடுகளில் உருண்டைக் கால், தட்டைக் கால் எல்லாம் கலந்துதான் கிடக்கிறது. சதுரப் பொயின்ட்டின் எர்த் துளைக்குள் பேனையை விட்டுக் கதவைத் திறந்து, இரண்டு கால் பிளக்கைத் திணிக்கிற வித்தை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரியும் என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்றைக்குப் பேனை, நாளைக்கு ஊசி.

அப்படித் திணித்த மெல்லிய கால் உள்ளே இறுக்கமாக நிற்காது. ஆடும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் மஞ்சளாகும். பொயின்ட் சுற்றுக்குப் போர்டில் இருக்கிற பிரேக்கர் 20 அல்லது 32 ஆம்பியர். 16 மில்லி ஆம்பியர் விளக்கு எரிந்து கரியாகும் வரைக்கும் அந்த பிரேக்கருக்குச் செய்தியே போகாது. சதுரப் பிளக்குக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அது முந்திக்கொள்ளும். நடைபாதை அடாப்டரைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் இரண்டு தகடு மட்டும். எது செருகினாலும் பிடிக்கிற மல்டிபிளக்குகளும் அப்படித்தான், கதவும் கிடையாது.

உவர்மலை அம்மா:

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. விளக்கை அலுமாரி மேலே வைத்துவிட்டேன். அடாப்டரைத் திறந்து பார்த்தார் அவர். ஐயா சொன்னதேதான், இரண்டு தகடு.

மகள் நேற்று இரவு காளான் எங்கே என்று அழுதாள். ஒரு யோசனை சொல்லுங்கள். தம்பி, அந்த ஆர்1ஐயும் எக்ஸ்2ஐயும் போட்டுத் திருத்தித் தர முடியுமா?

சாலிடர் தம்பி:

தரலாம் அக்கா. எக்ஸ்2 0.22, ஒரு மெகா ஓம், பிறகு லைவில் 100 ஓம் உருகு மின்தடை, கரண்ட் கூடினால் ஃபியூஸ் மாதிரி அறுந்துவிடும். எல்லாம் சேர்த்தால் விளக்கின் விலையில் பாதிகூட வராது. செருகுகிற கணத்தில் பாய்கிற பெரிய கரண்டையும் அந்த 100 ஓம் அடக்கும்.

பாலையூற்று வயர்மன்:

நான் உடன்படமாட்டேன் தம்பி. நீ திருத்துவது தீயையும் சுள்ளென்ற அடியையும். தண்டு உடைந்தால் வெளியே வருகிற கம்பி அப்போதும் 230 தானே? உறை அதே உறை, கொக்கி அதே கொக்கி. பெரியவர்கள் அறை என்றால் செய். பிள்ளை பிடித்துத் திருகுகிற சாமானில் மெயின் லைன் வரவே கூடாது. குழந்தைகளுக்கான விளக்குக்கு வேறு தரம் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

சாலிடர் தம்பி:

அது சரி ஐயா. உறையை நான் யோசிக்காமல் இல்லை, எபொக்சி ஊற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தண்டுக்குள் ஊற்ற முடியாது. அப்படியானால் மெயின் பலகையையே கழற்றி எறிந்துவிடுவோம். காளானும் எல்இடியும் மட்டும் மிஞ்சட்டும். யுஎஸ்பி 5 வோல்ட்டில் எரியவிடுவோம்.

மட்கோ மச்சான்:

அந்த யுஎஸ்பி சார்ஜரும் நடைபாதையில் வாங்கினதென்றால்?

சாலிடர் தம்பி:

மச்சான் இன்றைக்கு ஒழுங்கான கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பெயரில்லாத சார்ஜரிலும் அதே ஆபத்து உண்டு. உள்ளே டிரான்ஸ்போமர் இருக்கும், ஆனால் மெயின் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட விடாமல் பலகை போட்டவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். கைத்தொலைபேசியோடு பெட்டியில் வந்த அசல் சார்ஜர் ஒவ்வொரு வீட்டிலும் லாச்சிக்குள் ஒன்றாவது கிடக்கும், அதை எடுங்கள். சார்ஜர் உயரத்தில் இருக்கிற பொயின்ட்டில், வயர் மட்டும் கீழே.

நிலாவெளி விடுதி:

நாங்கள் கடைசியில் செய்தது இதே மாதிரிதான். போர்டுக்குப் பக்கத்தில் நல்ல 12 வோல்ட் சப்ளை ஒன்று, அங்கிருந்து நடைபாதைக்கு மெல்லிய வயர், ஒவ்வொரு வளைவிலும் எல்இடி பட்டியில் ஒரு துண்டு. சிப்பி ஓடு எங்கள் கடற்கரையிலேயே கிடைக்கிறது, அதையே மேலே ஒட்டினோம். விருந்தாளிகள் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

இரவு தாதி:

சின்னக் குறிப்பு. நிறம் மாறுகிறது பிள்ளைக்குப் பிடிக்கும், ஆனால் நீலம் நித்திரைக்குக் கூடாது. உடம்பின் நித்திரை ஹோர்மோனை அதிகம் கெடுப்பது நீல வெளிச்சம்தான். முடிந்தால் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் எல்இடி போட்டுக் கொடுங்கள் தம்பி.

பாலையூற்று வயர்மன்:

எதுவும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு இன்னும் சுலபமான வழி: அரை வாட் பல்பு ஒன்றை வாங்கிக் கூரை ஹோல்டரில் போடுங்கள். உள்ளே இதே கப்பாசிட்டர் சுற்றுத்தான், ஆனால் பிள்ளையின் கை அங்கே எட்டாது.

கிண்ணியா கடைக்காரன்:

என் கடையில் இருப்பதைக் காந்தம் வைத்துப் பார்த்தேன். காளான், தாமரை, நிலா எல்லாம் ஒட்டிக்கொண்டது. சதுரக் காலில் வந்த ஒரே ஒரு வகை ஒட்டவில்லை, கறுப்பு உறையும் இருக்கிறது. மற்றவற்றை முன் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். கொழும்புக்காரரிடம் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டேன், சிரிக்கிறார். இனி யுஎஸ்பியில் எரிகிற நிலா இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பழையதை என்ன செய்வது, குப்பையில் போட்டால் யாராவது எடுத்துச் செருகமாட்டார்களா?

பாலையூற்று வயர்மன்:

குறட்டால் இரண்டு காலையும் நறுக்கிவிட்டுப் போடுங்கள் நானா. கால் இல்லாததை யாரும் செருக முடியாது.

உவர்மலை அம்மா:

தம்பி, லாச்சியில் அசல் சார்ஜர் கிடைத்தது. அவர் சாலிடர் பிடிப்பார். எல்இடிகளை எப்படித் தொடுப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மஞ்சள் இரண்டு போடுவோம், ஒன்று மட்டும் நிறம் மாறட்டும், இல்லாவிட்டால் இங்கே பெரிய யுத்தம் வரும்.

சாலிடர் தம்பி:

வரிசையாகத் தொடுக்காதீர்கள். நிறம் மாறுகிற எல்இடிக்குள் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது, அது நிறம் மாற்றும்போது கரண்டும் மாறும், மற்ற இரண்டும் சேர்ந்து துடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு 150 ஓம், பிறகு மூன்றையும் 5 வோல்ட்டுக்குப் பக்கம் பக்கமாகத் தொடுங்கள். நீளக் கால் பிளஸ். யுஎஸ்பி வயரில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், பச்சையும் வெள்ளையும் தேவையில்லை, தனித்தனியாக டேப் சுற்றி விடுங்கள். மலிவு வயர்களில் நிறம் மாறியும் வரும், மீட்டரால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

உவர்மலை அம்மா:

150 ஓம் கால் வாட் காணுமா?

சாலிடர் தம்பி:

தாராளமாகக் காணும். மஞ்சள் எல்இடி இரண்டு வோல்ட் எடுக்கும், மிச்சம் மூன்று வோல்ட், 150ஆல் பிரித்தால் 20 மில்லி ஆம்பியர். 0.06 வாட்தான் வரும். இரவு முழுவதும் எரிந்தாலும் கை வைத்தால் சூடு தெரியாது.